ஜிர்கோனியாவா, இ.மேக்ஸா? பல் கேப் பொருட்கள் பற்றி ஒரு மதிப்பீடு

ரூட் கேனல் முடிந்த பல்லுக்கு என்ன கேப் போடலாம் என்று கேட்டால் ஒரு விலைப்பட்டியல் கைக்கு வரும். அடிமட்டத்தில் உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது, நடுவில் ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான், உச்சியில் 'பிரீமியம்' ஜிர்கோனியாவோ இ.மேக்ஸ் என்ற கண்ணாடிப் பீங்கானோ இருக்கும். விலை ஏற ஏற பலமும் ஏறும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பளபளவென்று ஒளி ஊடுருவும் அந்த பிரீமியம் ஜிர்கோனியா, சாதாரண வெள்ளை ஜிர்கோனியாவில் ஏறக்குறைய பாதி பலம்தான் கொண்டது. கூடுதல் காசு அழகுக்குப் போகிறது. முன்பல்லுக்கு அது நியாயம். இரவில் பல்லைக் கடிப்பவரின் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு அது வீண்.

ஜிர்கோனியா என்ற பெயருக்குள் குறைந்தது மூன்று பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. அதில் கலக்கும் இட்ரியா என்ற ஆக்சைடின் அளவை வைத்து 3ஒய், 4ஒய், 5ஒய் என்று கேப் செய்யும் லேப்காரர்கள் பிரிப்பார்கள். 3ஒய் வகையின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அழுத்தம், 1000 முதல் 1200 மெகாபாஸ்கல் வரை. அதில் ஒரு விரிசல் கிளம்பினால், விரிசலின் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறி நாலைந்து சதவீதம் பருத்துவிடும். பருத்த படிகங்கள் விரிசலை நெரித்து, மேலே போகவிடாமல் நிறுத்தும். 5ஒய் வகையில் ஏறத்தாழ பாதிப் படிகங்கள் கனசதுர அமைப்பு. அவை ஒளியைச் சிதறவிடுவது குறைவு, ஆகவே பல் உயிரோட்டமாகத் தெரியும். ஆனால் விரிசலைக் கண்டு பருக்கும் குணம் அவற்றுக்கு இல்லை. குராரே நோரிடாகேயின் கட்டானா வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுவனம் தரும் கணக்குப்படியே எச்டி வகை 1100 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது, எஸ்டிஎம்எல் 750-ஐ ஒட்டி நிற்கிறது, யுடிஎம்எல் 550-ஐ ஒட்டி நிற்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே மாதிரி அட்டைப்பெட்டி.

கேப்பைக் கடைந்தெடுக்கும் ஜிர்கோனியா வட்டுகள் பல அடுக்குகளாக வந்தபிறகு இதில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சில அடுக்கு வட்டுகளில் மேலிருந்து கீழே நிறம் மட்டும் மாறும். ஐவோக்ளாரின் ஜிர்கேட் பிரைம் போன்றவற்றில் பொருளே மாறும்: கடிக்கும் பக்கம் 5ஒய், ஈறுப் பக்கம் 3ஒய். லேப்பில் கேப்பை வட்டின் எந்த உயரத்தில் வைத்துக் கடைகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்குக் கிடைப்பது எது என்பது முடிவாகும். விழுந்த பற்களின் இடத்தை நிரப்பப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் போடும் நீண்ட பாலத்துக்கு இதைக் கேட்காமல் விடக்கூடாது. இணைப்புப் பகுதி பலமான அடுக்கில் விழவேண்டும்.

இ.மேக்ஸ் வேறு ஜாதி. லிச்டென்ஸ்டைன் நாட்டு ஐவோக்ளார் நிறுவனம் 2005-ல் கொண்டுவந்த லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கான் அது. வலிமை 400, 500 மெகாபாஸ்கல் அளவில் நிற்கும். எண்ணில் பார்த்தால் 3ஒய் ஜிர்கோனியாவில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒழுங்காக ஒட்டப்பட்ட இ.மேக்ஸ் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது, காரணம் அது கண்ணாடி. அமிலம் அதை அரிக்கும், அரித்த பரப்பில் ரெசின் என்ற பிளாஸ்டிக் பசை ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும், பல்லும் கேப்பும் ஒரே கட்டியாக விசையைத் தாங்கும். வெட்டும் கட்டத்தில் இது நீல ஊதா நிறத்தில், மென்மையாக இருக்கும். பிறகு 840 முதல் 850 டிகிரியில் சுட்டதும் பல் நிறத்துக்கு வரும். அந்தச் சூளைச் சுழற்சியை அவசரப்படுத்தினாலோ, சூளையின் வெப்ப அளவீடு தவறியிருந்தாலோ நிறமும் வலிமையும் இரண்டுமே கெடும்.

இப்போது எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத விஷயம்: தடிமன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் போதிய தடிமன் இருந்தால்தான் செல்லும். இ.மேக்ஸுக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 மி.மீ. வேண்டும், ரெசினால் ஒட்டினால் 1 மி.மீ. வரை இறங்கலாம். 3ஒய் ஜிர்கோனியா கடைவாயில் 0.6 மி.மீ. இருந்தாலே நிற்கும். 5ஒய்க்கு 1 மி.மீ. குறையக்கூடாது. இடம் பற்றாமல் லேப் மருத்துவருக்குப் போன் செய்து "கொஞ்சம் டைட்டா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா" என்று கேட்கும்போது பதில் "இல்லை, பல்லை இன்னும் கொஞ்சம் செதுக்கி அனுப்புகிறேன்" என்று இருக்கவேண்டும். "பண்ணிக்குங்க" என்று சொல்லப்பட்ட கேப்கள்தான் பின்னால் கீறல் விடுகின்றன. செதுக்கும்போதே நேராகக் கடித்துப் பார்த்தால் போதாது, பக்கவாட்டில் அசைத்தும் இடைவெளி அளக்கவேண்டும். கடைவாயில் மெழுகுத் துண்டு ஒன்றைக் கடிக்கவைத்து, மிக மெலிந்த இடத்தைக் காலிப்பரில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

செதுக்கிய பல்லில் கூர்முனை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள். கூர்முனைக்கு மேலே பீங்கானில் அழுத்தம் குவிந்து அங்கே பிளக்கும். கடையும் இயந்திரத்தின் பர் என்ற சுழலும் வெட்டுமுனைக்கும் ஒரு விட்டம் உண்டு என்பது அடுத்தது. அதைவிடக் கூர்மையான முனை பல்லில் இருந்தால், அது உள்ளே உட்காருவதற்காக மென்பொருள் கேப்பின் உட்புறத்தை அதிகமாகக் குடைந்துவிடும். விளிம்பு பொருந்தும், உள்ளே தொளதொளவென்று இருக்கும். அந்த இடைவெளியைச் சிமென்ட் நிரப்பும். சிமென்ட் பீங்கானுக்கு ஈடாகாது.

சிமென்டுக்கு வருவோம். கேப் கழன்று விழுவதற்கு, பல்லின் உயரம் போதாமைக்கு அடுத்தபடியாக, இங்கே நடக்கும் பிசகுதான் காரணம். இ.மேக்ஸுக்கும் ஜிர்கோனியாவுக்கும் முறை நேர் எதிர். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு விஷம்.

இ.மேக்ஸின் உட்புறத்தை 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் 20 நொடி அரிக்கவேண்டும். பழைய வகைப் பீங்கானுக்கு ஒரு நிமிடம் வைத்துப் பழகிய கை இதற்கும் ஒரு நிமிடம் வைத்தால் பரப்பு பலவீனமாகும். நன்றாகக் கழுவி உலர்த்தி, சைலேன் என்ற இணைப்புத் திரவம் தடவி 60 நொடி விட்டு, காற்றடித்து, பிறகு ரெசின் சிமென்ட். லேப்பிலேயே அரித்து அனுப்பியிருந்தால் வாயில் பொருத்திப் பார்க்கும்போது எச்சில் படும். அதை 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவிச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் ஒன்றும் செய்யாது. 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் குறைந்த அழுத்தத்தில், 1 முதல் 2 பார் அளவில், உட்புறத்தில் பீய்ச்சி, பிறகு எம்டிபி என்ற ஒட்டும் வேதிப்பொருள் உள்ள பிரைமரை, அதாவது சிமென்டுக்கு முன் பூசும் திரவத்தை, தடவவேண்டும். எம்டிபியின் பாஸ்பேட் முனைதான் ஜிர்கோனியாவைப் பிடிக்கிறது. எச்சிலிலும் பாஸ்பேட் இருக்கிறது. பொருத்திப் பார்க்கும்போது அது முந்திப் போய் அந்த இடங்களில் உட்கார்ந்துவிட்டால் பிரைமருக்கு இடம் இல்லை. ஆகவே துகள் பீய்ச்சும் வேலை பொருத்திப் பார்த்தபிறகு. அதற்கு வசதி இல்லாத கிளினிக்கில் ஐவோக்ளீன் போன்ற சுத்தம் செய்யும் பசையை 20 நொடி வைத்துக் கழுவலாம். பாஸ்பாரிக் அமிலத்தால் மட்டும் சுத்தம் செய்யக்கூடாது, அது எச்சிலைவிட அதிகமாகப் பாஸ்பேட்டை அப்பிவிட்டுப் போகும்.

எல்லா ஜிர்கோனியாவுக்கும் இவ்வளவு வேண்டுமா என்றால், வேண்டாம். செதுக்கிய பல் 4 மி.மீ. உயரமும் அதிகம் சரியாத பக்கச்சுவர்களும் கொண்டிருந்தால் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் சிமென்டே போதும். ஈரத்தில் ரெசினோடு மல்லுக்கட்டுவதைவிட அது மேல். பல் குட்டையாக இருந்தால்தான் எம்டிபி முறை கட்டாயமாகிறது.

தற்காலிகக் கேப்பை எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்பதும் கவனிக்கவேண்டியது. கிராம்பு வாசனை அடிக்கும் யூஜினால் சிமென்ட் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். பின்னால் ரெசின் போடப்போவதாக இருந்தால் யூஜினால் இல்லாத வகையே சரி.

பிதுங்கி வரும் சிமென்டை இரண்டு மூன்று நொடி மட்டும் ஒளி காட்டி, ஜெல் பதத்தில் உரித்தெடுக்கவேண்டும். முழுதாக இறுகவிட்டால் ஈறுக்கடியில் ஒரு துணுக்கு தங்கிவிடும், மாதக்கணக்கில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கேப் போட்டபிறகு அந்த ஓரிடத்தில் மட்டும் ஈறு வீங்கினால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

கழன்ற கேப்பைத் தூக்கி எறியாமல் உள்ளே பாருங்கள். உட்புறம் வழுவழுவென்று காலியாக, சிமென்ட் முழுதும் பல்லில் ஒட்டியிருந்தால் கேப் பக்கத் தயாரிப்பில் தவறு. சிமென்ட் கேப்போடு வந்திருந்தால் பல் பக்கத்தில் ஈரமோ ரத்தமோ இருந்திருக்கும், அல்லது சொத்தை நுழைந்திருக்கும். இந்தக் கேள்வி கேட்காமல் மறுபடி ஒட்டினால் மறுபடி கழலும்.

ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயம் பாதி உண்மை. எனாமலைவிட அது பல மடங்கு கடினம்தான், ஆனால் தேய்மானத்தைத் தீர்மானிப்பது கடினம் அல்ல, சொரசொரப்பு. கண்ணாடிபோல் பாலிஷ் செய்த ஜிர்கோனியா, பழைய பூச்சுப் பீங்கானைவிட எதிர்ப்பல்லுக்கு நல்லது. ஒட்டியபிறகு "உயரமா இருக்கு" என்று டயமண்ட் பர் வைத்து உரசிவிட்டு அப்படியே அனுப்பினால்தான் அது அரமாகிறது. நுண்ணிய பர், தண்ணீர், அதன்பின் டயமண்ட் கலந்த ரப்பர் பாலிஷர்கள் கரடுமுரடிலிருந்து நைஸ் வரை வரிசையாக: இந்தச் சில நிமிட வேலையை விடவே கூடாது. மேலே சுட்ட கிளேஸ் பூச்சை நம்பவேண்டாம், கடிக்கும் இடத்தில் அது தேய்ந்து போய்விடும்.

உலோகம் மேல் பீங்கான் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பலம் குறைவில்லை, பழுதுபார்க்கவும் கழற்றவும் எளிது. ஈறு இறங்கினால் கறுப்புக்கோடு தெரியும், மேல்பூச்சு சிலும்பும், நிக்கல் கலவை சிலருக்கு ஒவ்வாது. ஜிர்கோனியாமேல் பீங்கான் பூசிய வகையிலும் அதே சிலும்பல் உண்டு. முன்பல்லில் தனி அழகு தேவைப்பட்டால் ஒழிய அதற்கு இப்போது காரணம் கிடையாது.

எது எங்கே? கடைவாயில், அதிலும் பல் கடிக்கும் பழக்கமுள்ளவருக்கு, 3ஒய் அல்லது 4ஒய் முழு ஜிர்கோனியா, கூடவே இரவுக் கவசம். முன்பல்லுக்கும் முன்கடைவாய்க்கும், ஒட்ட எனாமல் மிச்சமிருந்து, ஈரத்தைத் தடுத்து வேலை செய்ய முடிந்தால் இ.மேக்ஸ். உள்ளே வேரில் நிறுத்திய உலோகப் போஸ்ட்டோ கறுத்த வேர்ப்பகுதியோ இருந்தால் ஒளி ஊடுருவும் எந்தப் பொருளும் அதைச் சாம்பலாகக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஒளி மறைக்கும் ஜிர்கோனியாவோ, மங்கலான இ.மேக்ஸ் கட்டியோதான் சரி. இதற்காக, செதுக்கிய பல்லின் நிறத்தையும் படம் எடுத்து லேப்புக்கு அனுப்பவேண்டும். மேல் நிறத்தை மட்டும் செதுக்குவதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும், வாய் திறந்தபடி கிடந்து உலர்ந்த பல் உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும். வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு என்றால் செதுக்குவது 0.3 முதல் 0.5 மி.மீ., எனாமலைத் தாண்டக்கூடாது. சுவர்கள் நன்றாக நிற்கும் பல்லில், சின்னச் சொத்தைக்குக் கேப்பே தேவையில்லை. 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து இறுக்கிய நல்ல காம்போசிட் ஃபில்லிங் பல்லையும் மிச்சப்படுத்தும், பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஒரு குறையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஜிர்கோனியாவைக் கழற்றுவது பெரும்பாடு. நல்ல தண்ணீர் ஓட்டத்தோடு கரடான டயமண்ட் பர்கள் ஒன்றுக்கு மேல் தேய்ந்துபோகும். உள்ளே ரூட் கேனல் சந்தேகத்துக்குரியதாக இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு கேப் போடுவதே புத்தி.

வாரண்டி அட்டை பொதுவாகக் கேப்பின் உடைவை மட்டுமே கவனிக்கும். விளிம்பில் நுழையும் சொத்தை, கழலுதல், ஈறு வீக்கம் எல்லாம் அதற்கு வெளியே. ஆகவே அட்டையோடு, வட்டின் பெயரும் வகையும் லாட் எண்ணும், எந்தச் சிமென்ட் என்பதும் எழுதிய சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது எந்த முறையில் மறுபடி ஒட்டுவது என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். இ.மேக்ஸோ பீங்கான் பூச்சோ வாயில் இருப்பவர்கள், பல் சுத்தம் செய்தபின் ஃப்ளூரைடு ஜெல் வைக்கும்போது அமிலம் கலந்த வகை வேண்டாம், நடுநிலை வகை வையுங்கள் என்று சொல்லிவிடவேண்டும். அமில ஜெல் அந்தப் பளபளப்பை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும், கறை ஏறத் தொடங்கும்.