‘டாக்கர்ல ஓடுது சார்’ என்றதை நம்பிக் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டேன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் நிட்டிங், டையிங் யூனிட்காரர்கள் டெலிவரி சலான் விவரத்தைத் தாங்களே ஏற்றுவதற்கு ஒரு போர்ட்டல் தேவைப்பட்டது. சர்வரில் இருந்து தகவலைக் கொடுத்து வாங்கும் பகுதியை (ஏபிஐ) நாங்களே எழுதினோம். பயனர்கள் பிரவுசரில் பார்க்கும் பக்கங்களை (ஃபிரன்ட்எண்ட்) மட்டும் வெளியே ஒரு குழுவிடம் 1,80,000 ரூபாய்க்கு விட்டோம்.

டெமோ அவர்கள் லேப்டாப்பில் நடந்தது. ஒரே கட்டளையில் டாக்கர் கன்டெய்னர் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ஓட்டும் பெட்டி) எழுந்தது, லாகின் ஆனது, பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. அன்று மாலையே கடைசித் தவணையை அனுப்பினேன்.

மறுவாரம் எங்கள் சர்வரில் ஏற்றி 12 யூனிட்டுகளுக்கு லாகின் கொடுத்தோம். ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. டெமோ பயனர் மட்டும் போக முடிந்தது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, அழைப்புகள் எந்த சர்வருக்குப் போகின்றன என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அழைப்புகள் எல்லாம் அந்தக் குழுவின் டெஸ்ட் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் காலையிலிருந்து தட்டிய பாஸ்வேர்டுகள் அத்தனையும் அங்கேதான் போயிருக்கின்றன.

கேட்டதற்கு, “கம்போஸ் ஃபைல்ல என்விரான்மென்ட் வேரியபிளை மாத்துங்க சார்” என்றார்கள். கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் அந்தக் கோப்பில் சர்வர் முகவரியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது. அந்த ஃபிரன்ட்எண்ட் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியில் செய்தது. அதில் இந்த வேரியபிள்கள் பில்டு செய்யும் (எழுதிய சோர்ஸ் கோடை பிரவுசருக்கான கோப்பாக மாற்றும்) நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுத்தாகப் பதிந்துவிடும். பிறகு கன்டெய்னருக்கு எதைக் கொடுத்தாலும் பிரவுசர் பழைய முகவரியைத்தான் கூப்பிடும். முகவரி மாற வேண்டுமென்றால் மறுபடி பில்டு செய்ய வேண்டும். இல்லையென்றால் பக்கம் திறக்கும்போது தனி கான்ஃபிக் கோப்பிலிருந்து படிக்கும்படி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சரி, நாமே பில்டு செய்யலாம் என்று டாக்கர்ஃபைலைத் திறந்தேன். கன்டெய்னருக்கான அச்சை (இமேஜ்) எப்படி உருவாக்குவது என்று சொல்லும் கோப்பு அது. மொத்தம் இரண்டு வரி. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) இமேஜை எடு, பில்டு ஃபோல்டரைக் காப்பி செய். அவ்வளவுதான். முறையாகச் செய்பவர்கள் முதல் கட்டத்தில் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) இமேஜில் சோர்ஸிலிருந்து பில்டு செய்து, இரண்டாம் கட்டத்தில் அந்த விளைவை மட்டும் என்ஜின்எக்ஸுக்கு நகர்த்துவார்கள். எங்களிடம் இருந்ததோ, இடைவெளி கூட இல்லாமல் சுருக்கப்பட்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. சோர்ஸ் கோடே கைக்கு வரவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் ‘சோர்ஸ் கோட்’ என்ற சொல்லே அதில் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் விடாமல் கேட்டதும் ஒரு ஜிப் வந்தது. எந்த பேக்கேஜின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைல் கிடையாது. பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பேக்கேஜுக்கு 404 (கிடைக்கவில்லை) என்று வந்தது; அது அவர்களுடைய தனி ரெஜிஸ்ட்ரியில் (பேக்கேஜ் கிடங்கில்) இருக்கிறதாம். “லோக்கல் செட்டப் தனி வேலை சார், 35,000 ஆகும்” என்று பதில் வந்தது. தாங்கள் பூட்டிய பூட்டுக்குத் தாங்களே சாவி விற்கிறார்கள். நான் கொடுக்கவில்லை.

அந்த பேக்கேஜின் வேலையை நாங்களே எழுதிச் சேர்த்த பிறகும் நோட் 18இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பிழை வந்து நின்றது. பில்டுக்கு அவர்கள் பயன்படுத்தியது வெப்பேக் 4 என்ற பழைய கருவி. அது நம்பியிருக்கும் எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை, நோட் 17 முதல் வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நூலகம் இயல்பாக அனுமதிப்பதில்லை. நோட் 14இல் பில்டு ஆகிறது, ஆனால் அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

இப்படி வேலை கொடுத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கடைசித் தவணைக்கு முன் இதை மட்டும் செய்யுங்கள். அவர்கள் லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். உங்கள் கணினியில், உங்கள் கிட் (கோட் சேமிக்கும் இடம்) கணக்கிலிருந்து புதிதாக குளோன் செய்து (நகலெடுத்து), கேஷ் (முன்பு சேமித்து வைத்தது) இல்லாமல் இமேஜை பில்டு செய்யச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பொத்தானின் பெயரை மாற்றி, மறுபடி பில்டு செய்து காட்டச் சொல்லுங்கள். எஃப்12 திறந்தே இருக்கட்டும். அழைப்பு யாருடைய சர்வருக்குப் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

நாங்கள் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிட்டோம். ஃபிரன்ட்எண்டை வைட் என்ற பில்டு கருவியில் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். சலான் பக்கம் இன்னும் முடியவில்லை. டையிங்காரர்கள் பழையபடி சலானை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள்.