விதை க்யூப் என்று சொல்லி இன்சுலேஷன் பஞ்சை விற்கிறார்கள்: ராக்வூல் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஹைட்ரோபோனிக்ஸுக்கு ராக்வூல் க்யூப், அதாவது மண்ணுக்குப் பதிலாக விதையும் தண்டும் வைக்கும் பாறைநார்ப் பஞ்சுக் கட்டி, வாங்கப் போகிறவர்கள், ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மண்ணில்லா விவசாயச் சாமான்களை ஆன்லைனில் விற்கும் ஒரு கடையில் என் அரை மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு எழுதுகிறேன். "ரீஃபண்ட் கிடையாது, இதுதான் ஃபைனல்" என்று இன்று காலை செய்தி வந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதுகிறேன். க்யூபை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படித் தயார் செய்வது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். இந்தப் பதிவு அந்த ஒரு கடையைப் பற்றியது மட்டும் இல்லை. இதே சரக்கை வெட்டி, இதே பேச்சைப் பேசி யார் வேண்டுமானாலும் விற்கலாம்.

ஒரு பருவத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கினேன். விதைக்குச் சின்ன க்யூப், கட்டிங்குக்கு (வேர்விட வைப்பதற்காகச் செடியிலிருந்து வெட்டும் தண்டு) கொஞ்சம் பெரிய க்யூப், ட்ரே, அதற்கு மூடி, தண்ணீரின் பி.எச்.சை (அமில-கார அளவு) குறைக்கும் திரவம், வேர்விடும் ஹார்மோன் பொடி. எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம். முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள், கட்டினேன்.

ஏன் நம்பினேன் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் வலை விரிக்கும் இடமே அதுதான். மற்ற கடைகளில் கேட்டால் விலையை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இந்த ஆள் போன் செய்து பேசினார். "மேடம், பாக்கெட்டப் பிரிச்ச உடனே விதைய வெச்சிடாதீங்க. ராக்வூல்ல பி.எச். தூக்கலா இருக்கும், ஏழுக்கு மேல. 5.5 தண்ணியில ஊறப்போட்டுட்டுத்தான் விதை வெக்கணும். அதுக்காக அஞ்சுக்குக் கீழ இறக்கிடாதீங்க, நாரே கெட்டுப்போயிடும். ஊறினப்புறம் கையால பிழியவே கூடாது, உள்ள இருக்கற காத்து போயிடும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எரிமலைப் பாறையான பசால்ட்டையும் சுண்ணாம்புக் கல்லையும் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருக்கி, வேகமாகச் சுழற்றி நாராக இழுத்துச் செய்வதுதான் ராக்வூல். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம்தான் பி.எச்.சை ஏற்றுகிறது. நன்றாக ஊறிய க்யூபின் கொள்ளளவில் சுமார் 80 சதவீதம் தண்ணீர் நிற்கும், மீதியில் பெரும்பகுதி காற்று, நார் என்று பார்த்தால் 5 சதவீதத்துக்குள்தான். தண்ணீரும் காற்றும் ஒரே நேரத்தில் வேருக்குக் கிடைப்பது இந்தக் கணக்கால்தான். பிழிந்தால் நார் அமுங்கி அந்தக் கணக்கு குலைந்துவிடும். இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பவர் தொழில் தெரிந்தவர்தானே? பேசி முடித்ததும் ஒரு வீடியோவும் அனுப்பினார். தட்டில் சிவப்புத் தண்ணீர், அதன் நடுவில் ஒரு க்யூப், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மேல்வரை ஏறிவிடுகிறது. அந்த வீடியோவில் இருந்தது அசல் க்யூப். எனக்கு அனுப்பியது வேறு.

பார்சலில் வந்த க்யூப்கள் சாதாரண பாலித்தீன் கவரில் உதிரியாகக் கிடந்தன. தயாரித்தவர் பெயர் கிடையாது, தோட்டக்கலை உபயோகத்துக்கு என்ற அச்சு கிடையாது. விதை க்யூப் என்றால் வழக்கமாகத் தகடு தகடாக, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் விதைக்கான குழியோடு வரும். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், கத்தியால் அறுத்த மாதிரி இருந்தன. கேட்டதற்கு, "கட்டிங் மெஷின் மாத்தியிருக்கோம் மேடம், சரக்கு அதேதான்" என்று பதில்.

தண்ணீரை 5.5-க்குக் கொண்டுவந்து ஊறப்போட்டேன். நல்ல க்யூப் சில நிமிடங்களில் குமிழி விட்டு, கனத்துப்போய் அமிழ்ந்துவிடும். இவை தெர்மோகோல் மாதிரி மிதந்தன. ஒன்றின் தலையில் விரலால் ஒரு சொட்டு வைத்தேன். அது உருண்டையாக அப்படியே நின்றது. க்யூபைச் சாய்த்தால் உருண்டு கீழே விழுந்தது, நின்ற இடத்தில் ஈரமே இல்லை. மேலே கனம் வைத்து ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தேன். காலையில் எடுத்து நடுவில் அறுத்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு நகக்கண் அளவுதான் நனைந்திருந்தது. உள்ளே உலர்ந்து, வெளிறி, கத்தி பட்ட இடத்தில் பொடி பறந்தது.

அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. கட்டடத்தில் வெப்பம் தடுக்கச் சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் வைக்கும் பஞ்சும் இதே பாறையிலிருந்து வருவதுதான். ஆனால் அது நனையவே கூடாது என்பதற்காக எண்ணெயோ சிலிக்கோனோ சேர்த்துத் தண்ணீரை விரட்டுகிற மாதிரிச் செய்கிறார்கள். செடிக்குச் செய்யும் ராக்வூலில் நேர்மாறாக, தண்ணீர் ஏறுவதற்கான பொருளைச் சேர்ப்பார்கள். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே பஞ்சு. ஒன்றில் செடி வளரும், இன்னொன்றில் காய்ந்து சாகும். இன்சுலேஷன் பலகையை வாங்கிக் கத்தியால் துண்டு போட்டு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலிப்பது கட்டிங்குகள். பல வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு சாமந்தித் தாய்ச்செடி, அதற்கு வயதாகிவிட்டது. பார்சல் வந்துவிட்டது என்ற தெம்பில் அதன் இளந்தண்டுகளை எடுத்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, தயாராக வைத்திருந்தேன். வெட்டிய தண்டு காத்திருக்காது. இருந்ததில் கொஞ்சமாவது ஈரம் ஏறியவற்றில் குத்தி, மூடி போட்டு வைத்தேன். மூடிக்குள் புழுக்கம் இருந்தும் இலைகள் தொங்கிவிட்டன. உருவிப் பார்த்தால் தண்டின் அடி சுருங்கி, ஹார்மோன் பொடி அப்படியே உலர்ந்து ஒட்டியிருந்தது. தக்காளி விதைகளாவது முளைத்தன. ஆனால் வெள்ளை வேர் உள்ளே இறங்க ஈரம் இல்லாமல் க்யூபின் மேலேயே ஊர்ந்து ஓரத்தில் கருகிப்போனது. விதை திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சாமந்தியை எங்கே போய் வாங்குவது?

இனி அவர்கள் மழுப்பிய கதை. முதலில், "உங்க தண்ணி உப்புத் தண்ணியா இருக்கும்." தண்ணீர் உப்பாக இருந்தால் செடி கெடும், க்யூப் மிதக்காது. அடுத்து, "பி.எச். சரியா வெச்சிருக்க மாட்டீங்க." சொட்டு உருண்டு ஓடுகிற வீடியோவை அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது: "பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டு ஊறப்போடுங்க மேடம், சூப்பரா இழுக்கும்." சோப்புப் போட்டுத் தண்ணீரை உள்ளே தள்ள வேண்டிய சரக்கு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அந்தச் சோப்புத் தண்ணீரிலா பிஞ்சு வேர் இறங்க வேண்டும்? பிழியக் கூடாது என்று அக்கறையாகச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

அதன் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. சாட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் "ஆர்டர் நம்பர் ப்ளீஸ்" என்று முதலிலிருந்து தொடக்கம். பிரிக்கும்போதே வீடியோ எடுத்தீர்களா என்றார்கள். பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். நனைத்த பொருளுக்கு வாரண்டி இல்லை என்றார்கள். நனைக்காமல் இதை எப்படிச் சோதிப்பது? தண்ணீரில் போடுவதற்கென்றே விற்கிற பொருள் இது! அதற்குப் பதில் சொல்லாமல், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு கூப்பன். நான் வேண்டாம் என்றதும், "வாடிக்கையாளர் தீர்வை ஏற்கவில்லை" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. அந்தப் பொடி பட்டுக் கை முழுக்க அரிப்பு, கண்ணில் உறுத்தல். கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது." எந்த ராக்வூலாக இருந்தாலும் உலர்ந்த நார் தோலையும் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். புற்றுநோய் பயத்தை யாராவது கிளப்பினால், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இன்சுலேஷன் ராக்வூலை மூன்றாம் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாத பிரிவில்தான் வைத்தது. அதற்காக வெறும் கையால் அள்ளச் சொல்வதா? விற்கிறவர்தான் முதலில் கையுறையும் முகக்கவசமும் போடச் சொல்லியிருக்க வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்காதீர்கள், முதலில் ஒரு சின்னப் பாக்கெட். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், அதே வீடியோவில் ஒரு க்யூபைத் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். மிதந்துகொண்டே இருந்தாலோ சொட்டு உருண்டு நின்றாலோ, மற்றவற்றைத் தொடாமல் அன்றைக்கே புகார் கொடுங்கள். சோப்பு போடச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். சரக்கு நல்லதாக இருந்தால், 5.5 தண்ணீரில் முழுக்க ஊறவிட்டு எடுத்து, பிழியாமல் லேசாக உதறுங்கள், விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் வையுங்கள், உரம் கலப்பதானால் கால் பங்கு வீரியம் போதும். தண்டை வெட்டுவது கடைசி வேலை. க்யூப் ஊறி, அறுத்துப் பார்த்து, நடுவரை ஈரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தாய்ச்செடியில் கத்தி வையுங்கள்.

வீணான க்யூப்களைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடாதீர்கள், அது மக்காது. என்னுடையவை சாட்சிக்காக மூட்டை கட்டி அப்படியே இருக்கின்றன.