இயர்போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே: டாங்கிளா, பெட்டியா, பேட்டரியா?

திருவையாற்றில் எங்கள் வீட்டில் கரண்ட் போன ராத்திரிகளில்தான் இயர்போனில் கேட்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்தது. சார்ஜர் செருகிய லேப்டாப்பில் வீணைக் கச்சேரி கேட்டால், தம்புரா சுருதிக்கு அடியில் மெல்லிய 'கிர்ர்' ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனதும் அது பெருமளவு அடங்கி, தம்புரா தெளிவாகக் கேட்கும். இயர்போனுக்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கக் கிளம்பிய நான் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவர் பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. அதைச் சரிசெய்ததும் பாதி இரைச்சல் போய்விட்டது. சார்ஜரைக் கழற்றினால் உங்களுக்கும் சத்தம் குறைகிறதா? கருவிக்குக் காசு கொடுக்கும் முன் எர்த்தைப் பாருங்கள்.

மீதிப் பாதி லேப்டாப்புக்குள் இருக்கும் ஆடியோ சிப்பின் வேலை. மவுஸை நகர்த்தினால்கூட அந்தச் சத்தம் மாறும். அதற்கு மருந்து, யூஎஸ்பி வழியாக டிஜிட்டலாகவே ஒலியை வாங்கி லேப்டாப்புக்கு வெளியே வைத்து அனலாக்காக மாற்றித் தரும் டிஏசி என்ற கருவி. ஹெட்போன் ஜாக்கில் செருகும் அனலாக் ஆம்ப் இதற்கு உதவாது. உள்ளே சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும்.

டிஏசியும் ஆம்ப்பும் சேர்ந்தே இருக்கும் கருவிகளில் ஒப்பிட நான் எடுத்துக்கொண்டவை நான்கு: ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் (சிறு கம்பி அடாப்டர்), பென்டிரைவ் மாதிரி இருக்கும் ஆடியோக்வெஸ்ட் டிராகன்ஃபிளை ரெட், மேசையில் வைக்கும் பெட்டியான ஃபியோ ஈ10கே, பேட்டரி வைத்த ஐஃபை ஹிப்-டாக்.

முதலில் சக்தி. 16 ஓம் மின்தடை, ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல் சத்தம் என்ற அளவுள்ள இயர்போனை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் டாங்கிள் தரும் 1 வோல்ட்டிலேயே அது 120 டெசிபெல்லைத் தாண்டிவிடும். காது தாங்காத சத்தம் அது. எதில் செருகினாலும் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் காதில் மாட்ட வேண்டும். ஆக, இயர்போனுக்குச் சக்தி ஒரு பிரச்சினையே இல்லை. அட்டையில் போட்டிருக்கும் மில்லிவாட் கணக்கைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் பக்கம் இருக்கும் மின்தடை. ஆம்ப்பின் அளவு இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பாகம்) வைத்த இயர்போன்களில் சுருதிக்குச் சுருதி இம்பீடன்ஸ் ஏறி இறங்கும். ஓரிடத்தில் 16, இன்னோரிடத்தில் 40 என்று வைத்து, 10 ஓம் உள்ள ஜாக்கில் செருகினால், இரண்டு இடங்களுக்கும் நடுவே இரண்டு டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் விழும். நாயனத்தின் கார்வையே வேறு மாதிரி கேட்கும். ஆப்பிள் டாங்கிளும் ஈ10கேயும் ஏறத்தாழ ஒரு ஓம்தான். இரண்டுமே தேறிவிடும்.

அப்புறம் ஆம்ப்பே எழுப்பும் 'உஸ்' இரைச்சல். இதைப் பழைய 78 சுற்று இசைத்தட்டுப் பதிவுகளை வைத்துச் சோதிக்காதீர்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் அந்தத் தட்டின் சொந்த இரைச்சலே ஆம்ப்பின் குறையை மூடிவிடும். புதிய பதிவில், பாட்டு தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள் போதும்.

இனி ஒவ்வொன்றாக. ஆப்பிள் டாங்கிள் விண்டோஸிலும் தனி டிரைவர் மென்பொருள் இல்லாமல் ஓடும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் மிகக் குறைவாக வரும், ஐரோப்பாவில் விற்கும் வகை பாதி வோல்ட்தான் தரும். கம்பி மெல்லியது, முறுக்கிப் பையில் திணிக்கக் கூடாது.

டிராகன்ஃபிளை ரெட் 2.1 வோல்ட் தருகிறது. நல்ல பொருள். ஆனால் பழைய யூஎஸ்பி-ஏ முனை, புது லேப்டாப்புக்கு இன்னொரு அடாப்டர் தேவைப்படும். இயர்போன் மட்டும் கேட்பவர் இவ்வளவு செலவு செய்யக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹிப்-டாக்கில் 2200 எம்ஏஎச் பேட்டரி, 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக் (இடது, வலது காதுக்குத் தனித்தனி இணைப்பு), பாஸ் கூட்டும் பட்டன் எல்லாம் உண்டு. போனின் சார்ஜைத் தின்னாது என்பது பயணத்தில் பெரிய விஷயம். ஆனால் லேப்டாப்பே பேட்டரியோடு இருக்கும்போது, சார்ஜ் போட இன்னொரு பெட்டி எதற்கு?

ஈ10கேயில் பேட்டரி கிடையாது, லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும். வால்யூமுக்குத் திருகு, பெருக்கும் அளவை மாற்ற கெயின் சுவிட்ச், பின்னால் ஸ்பீக்கருக்கு லைன் அவுட். கும்பகோணத்தில் இருக்கும் மாமாவிடம் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் இருக்கிறது, 300 ஓம். டாங்கிளின் ஒரு வோல்ட்டில் அது 97 டெசிபெல்தான் தரும். தவில் தனி ஆவர்த்தனத்தில் சொற்கள் வெடிக்கும் இடத்துக்கு அது பற்றாது. "தம்பி, சத்தம் பத்தலைப்பா" என்று அவர் சொன்னது சரிதான். ஈ10கேயின் இரண்டரை வோல்ட்டில் எட்டு டெசிபெல் கூடக் கிடைக்கிறது. அவருக்கு அதைத்தான் வாங்கச் சொன்னேன். இயர்போன் மட்டும் வைத்திருக்கும் நான் டாங்கிளோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சமான பணத்தில், வீட்டில் எர்த் இல்லாத மற்ற இரண்டு பிளக்குகளையும் சரிசெய்தாயிற்று.