குழந்தைகளோடு இலவசக் கச்சேரி: சங்கமமா, சபாவா?

சென்னையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காசில்லாமல் இசை கேட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மார்கழி சீசனில் பல சபாக்களில், அதாவது கர்நாடக இசை அரங்குகளில், நடக்கும் மதியக் கச்சேரி. இன்னொன்று, பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம். 2007-இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023-இல் மீண்டும் வந்த நாட்டுப்புறக் கலை விழா.

ஆறு வயதுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சங்கமம்தான். கடற்கரையிலும் பூங்காவிலும் நடப்பதால் குழந்தை எழுந்து ஆடலாம், கத்தலாம், யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். கொஞ்சம் முன்னதாகப் போனால், வாசிப்பதற்கு முன் பறையை நெருப்பில் காய்ச்சுவதைக் காட்டலாம். தோல் சூடேறி இறுகினால்தான் அந்தக் கணீர் ஓசை வரும். இதை நேரில் பார்த்த பிள்ளைக்கு வேறு பாடமே தேவையில்லை. ஆனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள், சின்னக் காதுகள் தாங்காது. கூட்டமும் அதிகம், கையை விடக் கூடாது.

சபா அப்படியில்லை. அமைதியாக உட்கார வேண்டும், ஏசி குளிரும். எட்டு வயதுக்கு மேல், பாட்டோ மிருதங்கமோ கற்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். மதியத்தில் பெரும்பாலும் இளம் கலைஞர்கள் பாடுவதால், ‘நாமும் ஒருநாள் அங்கே உட்காரலாம்’ என்ற ஆசை வரும். மிருதங்கம் போன்ற தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரை இருக்க வைத்துவிடுங்கள். கிளம்புவதென்றால் ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து போகலாம். அப்புறம் கேன்டீன் இருக்கவே இருக்கிறது.