ராஜேந்திரனுக்குக் குதிரை கிடையாது

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் மறுபடியும் தள்ளுபடி. ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு வந்த 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' டிஎல்சியை (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி) வாங்கலாமா, காசுக்குத் தகுமா என்று நண்பன் கேட்டிருந்தான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போட முடியவில்லை. அதுவும் நேற்று ராத்திரி பிராங்க்ஸ் நாகரிகத்தை எடுத்து ஆடிய ஒருவரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்ட சூட்டில் முடியவே முடியவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 2022 ஏப்ரலில் வந்தது. முழு விலை 9.99 டாலர். வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புது நாகரிகங்கள். பாபர், தேவபாலன், ராஜேந்திரன் பெயரில் மூன்று கேம்பெய்ன்கள், அதாவது கதையாக ஆடும் தொடர் ஆட்டங்கள். நான் வாங்கியது திராவிடர்களுக்காக மட்டும். மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்ததோடு சரி.

காசு கொடுத்ததற்கு முதல் நாளே கிடைத்த லாபம் காதுக்குத்தான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு நாகரிகத்து ஆளும் அவரவர் மொழியில் பேசுவார்கள். சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அர்த்தம் தெரியாமலே அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது ஆடு மேய்க்கிற ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் வருகிறது. மரம் வெட்டப் போகச் சொன்னால் தமிழில் சரி என்கிறான். ஸ்பீக்கரில் வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா "யாருடா வந்திருக்கா?" என்று கேட்டார். இதற்கே அந்தப் பத்து டாலர் சரியாகிவிட்டது என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆட்டத்திலும் சரக்கு இருக்கிறது. ஒவ்வொரு யுகத்துக்கு முன்னேறும்போதும் 200 மரம் இனாமாக வருகிறது. மூன்றாவதான கேசில் யுகத்தில் கால் வைத்த அந்த நொடியில், யாரையும் மரம் வெட்ட அனுப்பாமலே, கோட்டை இடிக்கும் கருவிகள் செய்கிற ஒரு சீஜ் வொர்க்‌ஷாப் போட்டுவிடலாம். காலாட்படைக் கூடத்தில் செய்யும் ஆராய்ச்சிகள் பாதி விலை. மீனவன் ஒரு நடைக்கு 15 கூடுதலாகச் சுமக்கிறான். சுருள்வாள் வீரன் ஒரே வீச்சில் நாலைந்து பேரைச் சேர்த்து வெட்டுகிறான். கடைசி யுகத்தில் வூட்ஸ் எஃகு ஆராய்ச்சியை முடித்துவிட்டால் நம் வாளுக்கு முன்னால் எதிரியின் கவசம் ஒரு பொருட்டே இல்லை. கடலில் திராவிடர்களுக்கே உரிய திரிசடைப் போர்க்கப்பல்கள் வரிசையாக நகர்ந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1025-இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பற்படையோடு போனதைப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்காகப் படித்தோம். இங்கே அந்தக் கப்பல்களுக்கு மரம் சேர்த்து, மீன் பிடித்துச் சோறு போட்டு, நாமே ஓட்டிப் போகலாம்.

ஆனால் குதிரை கிடையாது.

சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஒற்றுப் பார்க்க ஸ்கவுட் என்ற குதிரைவீரன் உண்டு, அதை லைட் கேவல்ரி என்ற இலகு குதிரைப்படை வரை ஏற்றலாம். கனத்த குதிரைவீரனான நைட் கிடையாது, லைட் கேவல்ரிக்கு அடுத்த படியான ஹுஸார் கிடையாது, குதிரைக்கு உயிர் கூட்டும் பிளட்லைன்ஸ் ஆராய்ச்சியும் கிடையாது. பதிலுக்கு யானை கொடுத்திருக்கிறார்கள். யானை கம்பீரமாக வரும், ஆனால் நேரத்துக்கு வராது. வந்து சேர்ந்தாலும் எதிரியின் சாமியார் ரெண்டு பேர் நின்று மந்திரம் ஓதினால் நம் யானை அவர் யானையாகிவிடும்.

தரவரிசைக்காக ஆன்லைனில் ஆடும் ரேங்க்டில் கண்ணில் படுகிறவர்களெல்லாம் அரேபியா வரைபடத்தில்தான் ஆட ஆசைப்படுகிறார்கள். கடல் இல்லாத திறந்த வெளி. மீனவனும் திரிசடையும் அங்கே எதற்கு? நேற்று நடந்ததும் இதுதான். பிராங்க்ஸ் நைட்டுகளுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் உயிர் அதிகம். நாலு நைட் என் மரவெட்டிகளிடம் வந்தது. ஈட்டிக்காரர்களை அனுப்பினேன். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நைட்டுகள் தங்கச் சுரங்கத்தில் நின்றன. அங்கே திருப்பினேன், மறுபடி மரத்தடி. ஈட்டிக்காரன் குதிரையைக் கொல்வான் என்பது உண்மைதான், குதிரை நின்று கொடுத்தால். தமிழில் பேசுகிற என் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோபத்தைத் தள்ளிவைத்து நியாயமாகப் பார்த்தால், செய்தவர்கள் வரலாறு படித்துத்தான் செய்திருக்கிறார்கள். தமிழகத்தில் குதிரை வளர்ப்புக்கு வாய்ப்புக் குறைவு. பாண்டியர்கள் அரபு வணிகர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்குமதி செய்ததையும், இங்கே பராமரிக்கத் தெரியாமல் அவை பெருமளவில் செத்ததையும் 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். சரி, உண்மைதான். அப்படியானால் அந்த இறக்குமதியையே ஒரு வசதியாக வைத்திருக்கலாமே? தங்கம் நிறையக் கொடுத்தால் கப்பல்துறையில் பத்துக் குதிரை வந்து இறங்குகிற மாதிரி. நான் காசு கட்டி வாங்கிய நாகரிகம், தங்கத்தைக் கொட்டியாவது ஒரு குதிரை வாங்கக் கூடாதா?

2006-இல் ஆப்லிவியன் விளையாட்டில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு ஒரு டிஎல்சி விற்றார்கள். சும்மா அலங்காரத்துக்கு இத்தனை காசா என்று உலகமே சிரித்தது. எனக்கு இப்போது அது பொறாமையாக இருக்கிறது. அவர்களிடம் குதிரையாவது இருந்ததே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போன் விளையாட்டுகளில் துப்பாக்கிக்கு வண்ணம் பூச மாதாமாதம் பாஸ் வாங்குகிற தம்பிமார்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இங்கே தடை செய்தபோது, காசு போட்டு வாங்கிய உடுப்பெல்லாம் போச்சா இருக்கா என்று தெரியாமல் பத்து மாதம் உட்கார்ந்திருந்தார்கள், அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வரும்வரை. அதோடு ஒப்பிட்டால் இது நேர்மையான வியாபாரம். ஒரு தரம் கொடுத்தால் போதும். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு போடும் குலுக்கல் பெட்டி இல்லை. டிஎல்சி வாங்காதவரும் என்னோடு தாராளமாக ஆடலாம், அவரால் திராவிடர்களை எடுக்க முடியாது, அவ்வளவுதான். அதற்கப்புறம் வருகிற, நாகரிகங்களின் பலத்தைச் சமன்செய்யும் பேலன்ஸ் பேட்சுகளும் இலவசம். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் குறிப்பை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்க்கிறேன். நைட் மட்டும் வருவதில்லை.

ஆகவே நண்பா, குரல் அருமை, கப்பல் அருமை, ராஜேந்திரன் கேம்பெய்ன் அருமை, விலை நியாயம். வாங்காதே. நீ ரேங்க்டு மட்டும்தான் ஆடுவாய், தோற்றால் எனக்குத்தான் போன் அடித்துத் திட்டுவாய். அதே தள்ளுபடியில் இதே விளையாட்டின் இன்னொரு டிஎல்சியான 'தி மவுண்டன் ராயல்ஸ்' கிடக்கும், அதில் ஜார்ஜியர்களை எடு. அவர்களிடம் நல்ல குதிரைப்படை இருக்கிறது. நானும் இன்றைக்கு அதை வாங்கலாம் என்று இருக்கிறேன், அடுத்த அரேபியாவில் யார் யாரை ஓட்டுகிறார்கள் பார்ப்போம். கடல் சூழ்ந்த ஐலேண்ட்ஸ் வரைபடத்துக்குச் சம்மதித்தால் மட்டும் சொல், பழைய ஆட்களோடு வருகிறேன்.