செசமி ஸ்ட்ரீட் பாடல் தொகுப்பு: பேத்தியோடு கண்டது

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய நூல்கள் விற்கும் கடையொன்றில், 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகளுக்கான பொம்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பாடல் காட்சிகள் அடங்கிய டிவிடி தொகுப்பை என் பேத்திக்காக வாங்கினேன். 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய இந்நிகழ்ச்சிக்கு வந்த பெருங்கலைஞர்கள், பொம்மைகளையும் பிள்ளைகளையும் தமக்குச் சமமாக மதித்துப் பாடியதே இதன் தனிச்சிறப்பு என்பேன். 1973இல் வந்த பாடகர் ஸ்டீவி வொண்டர், குழந்தைகளுக்காக எதையும் எளிமையாக்காமல் தம் குழுவோடு முழு வேகத்தில் வாசிக்க, இரும்புப் படிக்கட்டில் இருக்கும் ஒரு சிறுவன் தன்னை மறந்து தலையை ஆட்டுகிறான். இன்னொரு காட்சியில், போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட வயலின் மேதை இட்ஸாக் பெர்ல்மன் ஊன்றுகோலோடு அரும்பாடுபட்டு ஏறும் படிகளை ஒரு சிறுமி துள்ளி ஏறிவிடுகிறாள்; அவள் திணறும் வயலினோ அவர் விரல்களில் வெள்ளமாய்ப் பாய்கிறது. ஒருவருக்கு எளியது மற்றவருக்கு அரிது என்பதை விளக்கவுரையின்றி என் பேத்தி புரிந்துகொண்டு, மீண்டும் போடச் சொன்னாள். ஜோ ரபோசோ இயற்ற, கெர்மிட் என்ற தவளைப் பொம்மை தன் பச்சை நிறத்தைப் பற்றிப் பாடும் பாடல் தாலாட்டைப் போல நிதானமானது. ஒலி தெளிவாக உள்ளது. பாடியவர் பெயரும் ஆண்டும் உறையில் அச்சிடப்படாதது மட்டும் பெருங்குறை.