மூன்று மாதத்தில் முட்டி சரியாகும் என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் ஜாக்கிரதை

ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் என்ற நார்) அறுந்து, ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிக்கு இடம் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சேர்ந்த மையத்தில் "மூன்றே மாதத்தில் மைதானத்துக்குப் போகலாம்" என்று சொல்லி முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். நடந்த சிகிச்சை என்ன? படுக்க வைப்பார்கள், கரண்ட் வைப்பார்கள், அப்புறம் அல்ட்ராசவுண்ட், கடைசியில் ஐஸ். பக்கத்துப் படுக்கையில் இருந்த தோள்வலிக்காரருக்கும் இதே வரிசைதான். என் தொடை சூம்பிப்போயிருந்தது. ஒரு நாள்கூட டேப் வைத்து அளக்கவில்லை. கேட்டால், "வலி குறைஞ்சிருக்கா இல்லையா?" என்பார்கள்.

குறைந்ததுதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக வைக்கும் தசைநாண் உடனே லிகமென்ட் ஆகிவிடாது. முதல் சில மாதங்களில் அதன் பழைய செல்கள் மடிந்து புதியவை வளரும். அந்தச் சமயத்தில், வைத்த அன்று இருந்த வலுகூட அதற்கு இருக்காது. வீக்கம் வடிந்து நமக்குத் தைரியம் வருவதும் சரியாக அப்போதுதான். சட்டென்று திரும்பி ஓடும் விளையாட்டுக்கு 9 மாதமாவது பொறுக்க வேண்டும், தொடையின் முன்தசைக்கு நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாண்ட வைத்தும் பார்க்க வேண்டும். இதெல்லாம் பிறகு பார்த்த எலும்பு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. மையத்தில் எந்தச் சோதனையும் செய்யாமலே 'ஃபிட்' என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

அதை நம்பி விளையாடப் போனேன். ஒரு திருப்பத்தில் முட்டி நழுவியது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், ஆபரேஷனில் வைத்த தசைநாணும் கிழிசல், மெனிஸ்கஸும் கிழிசல். மெனிஸ்கஸ் போனதுதான் எனக்குப் பெரிய இடி. முட்டியில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருந்து பாரத்தைத் தாங்குவது அதுதான். அதன் உள்விளிம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அங்கே கிழிந்தால் தைத்தாலும் ஒட்டுவது கஷ்டம். ஏசிஎல் அறுந்தாலே பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம். மெனிஸ்கஸும் சேர்ந்து போனால் இன்னும் கூடும். வயதானவர்களுக்கு வரும் முட்டிவலி 10, 20 வருடம் முன்னாலேயே வந்து நிற்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எங்கள் வேலை முடிந்தது, விளையாடியது நீங்கள்" என்றார்கள். சிகிச்சைக் குறிப்பு என்று தந்த தாளில் மெஷின்களின் பெயரும் ஒரு கையெழுத்தும் மட்டும்தான். அதையும் ஃபிட் கடிதத்தையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை அளந்து பார்த்து என்னை விளையாட அனுப்புவீர்கள்?" பதிலில் மாதக் கணக்கு மட்டும் வந்தால், பணம் கட்டாமல் கிளம்பிவிடுங்கள்.